மூன்று வானொலி, ஒரே தொண்டை

காலை ஏழு மணி. செருப்பை உதறித் தள்ளிவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி பதினெட்டு வயதுக் குரலில் செய்தி வாசிக்கிறார் செய்தியக்கா. ஏழே காலுக்கு இரண்டு காலையும் ஊன்றிக் குடும்பத் தலைவியின் குரல். ஏழரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மோவாயை மார்போடு அழுத்திக்கொண்டு, உலகமே தன் தோளில் கிடப்பதுபோல் கனத்த குரல். மூன்றும் மூன்று வானொலி நிலையங்களுக்கு. மூன்றிலும் ஒரே செய்தி. அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு.

முன்பு இந்த மூன்று நிலையங்களும் எலியும் பூனையுமாக இருந்தன. ஒன்பது பேர் வாசித்தார்கள். மெத்தைக் கம்பெனி முதலாளி ஒருவர் மூன்றையும் வளைத்துப்போட்டு, எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். "மூணு வீட்டுக்கும் ஒரே உலை. தட்டு மட்டும் வேற வேற" என்கிறார் அக்கா. கனத்த குரலின் ரசிகர் ஒருவர் போன் செய்து, "அந்த ஏழு மணிப் பொண்ணுக்கு வாசிக்கவே தெரியல, நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றாராம். "சொல்லிப் பாத்துட்டேன் சார், அது அடங்க மாட்டேங்குது!" இதைப் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு இரண்டு முறை புரையேறியது.

அவர் கணவர் பேருந்து ஓட்டுபவர். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "பஸ்ல ரெண்டு பேருக்குள்ள வாக்குவாதம். 'மூணு ரேடியோவுலயும் சொல்லிட்டாங்கப்பா, அப்ப நிஜம்தான்'னான் ஒருத்தன். இன்னொருத்தன் 'அப்ப சரி'ன்னு ஒத்துக்கிட்டான்." 'மூணும் என் ஒரே வாய்தானே' என்று அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டார்.

பிறகு வந்தது மெத்தை விவகாரம். முதலாளியின் மெத்தைகளை ஒரு மருத்துவமனை மொத்தமாக வாங்கியிருந்தது. அத்தனையிலும் மூட்டைப்பூச்சி. நோயாளிகள் சொறிந்துகொண்டே வராந்தாவுக்கு ஓடினார்கள். ஓடியவர்களில் அக்காவின் நாத்தனாரும் ஒருவர். காலில் மாவுக்கட்டு வேறு. மறுநாள் மாடி அலுவலகத்திலிருந்து வாசிக்க வந்த செய்திக் குறிப்பிலோ, 'புதிய மெத்தைகளால் புத்துணர்ச்சி பெற்ற நோயாளிகள் உற்சாகமாக எழுந்து நடமாடினர்' என்றிருந்தது.

ஏழு மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிட்டார். ஏழே காலுக்கு, 'உற்சாகமாக' என்ற இடத்தில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. ஏழரைக்கு, கனத்த குரலில் 'எழுந்து நட' என்றபோது, மாவுக்கட்டோடு நாத்தனார் தாவிய காட்சி கண்முன் வந்து நின்றது. அவ்வளவுதான். குபீரென்று சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. அறைக் கண்ணாடிக்கு அப்பால் நிலைய மேலாளர் தலையில் கைவைத்துக் குதிக்க, அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு. நடுவே, தம் சொந்தக் குரலில், "அய்யோ, உற்சாகம் இல்லீங்க, மூட்டைப்பூச்சி! எங்க நாத்தனாரு கட்டுப்போட்ட காலோட ஓடினாங்க!" என்றார். ஊரே கேட்டது.

வேலை போயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டார். வேலை போகவில்லை. மருத்துவமனை மெத்தைகளைத் திருப்பி அனுப்பியது உண்மைதான். ஆனால் நேயர்கள் இரண்டு மடங்கானார்கள், விளம்பரக்காரர்கள் வாசலில் முட்டி மோதினார்கள். முதலாளி கோபத்தை விழுங்கிவிட்டு உத்தரவு போட்டார்: தினமும் எட்டு மணிக்கு, மூன்று நிலையங்களிலும் ஒன்றாக, 'செய்தியக்கா சிரிக்கிறார்'. நேரடி ஒலிபரப்பு. வழங்குவது மெத்தைக் கம்பெனி.

"சிரிக்கிறேன் சார். ஆனா சிரிக்க வேண்டிய விஷயத்தை நான்தான் கொண்டு வருவேன்" என்றார் அக்கா. மேலாளர் பூரித்துப்போய்த் தலையாட்டினார்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். ஒலிபரப்பு அறையின் மூலையில் ஒரு முக்காலி கிடைத்தது. எட்டு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா கைப்பையிலிருந்து எடுத்த தாளில் கணவரின் கோணல் எழுத்து. பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயணிகள் சொல்லச் சொல்ல எழுதியது. தாளை மேசைமேல் விரித்தார். தம் சொந்தக் குரலில் தொடங்கினார். "வணக்கம்ங்க. மெத்தை ஃபாக்டரிக்குப் பின்னாடி மூணு தெருவுல குழாயைத் திறந்தா நீலத் தண்ணி வருதாம். வெள்ளைச் சட்டையைத் துவைச்சவரு நீலச் சட்டையில ஆபீஸ் போனாராம்…"

மேலாளர் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கைகளையும் காற்றாடிபோல் சுழற்றினார். அக்கா வாசிப்பை நிறுத்தாமல் எழுந்து போய், கண்ணாடியின் திரைச்சீலையை ஒரே இழுப்பில் இழுத்து மூடினார்.