கேரம் போர்டுக்குப் போட்ட எண்ணெய்

பட்டுத் தறி இருக்கிற வீட்டில் எண்ணெய் என்றாலே எல்லோருக்கும் கிலி. ஒரு சொட்டு சேலையில் பட்டால் போதும், மொத்த உழைப்பும் வீண். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நான் தறிப் பக்கம் போனால் என் வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். ஆனால் அதே மனிதர், தினமும் காலையில் ஒரு பழந்துணியில் மிஷின் எண்ணெய் கொஞ்சம் விட்டு, ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடுகிற இடத்துக் கம்பியை ஒரு தடவு தடவி, வேறொரு துணியால் அழுத்தித் துடைத்து, சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டுதான் தறிக்குழியில் இறங்குவார். ஓடுகிற சாமானுக்கு எண்ணெய் வேண்டும், தூள் ஆகவே ஆகாது. இதுதான் அவருக்குத் தெரிந்த வேதம். பைபிளுக்கு அடுத்தபடியாக அதைத்தான் நம்பினார்.

நான் கேரம் ஆடுவேன். சுமாராக இல்லை, நன்றாகவே ஆடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட ஹாலில் சிறுமியாக இருந்தபோதே ஆடிப் பழகியது. எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமான புதிதில், விளையாட்டில் மாவட்ட அளவில் ஜெயித்த சான்றிதழ் இருந்தால் அரசாங்க ஆபீஸில் வேலை கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருவில் கபடி ஆடிய ஒருவருக்கு நிஜமாகவே கிடைத்தது. நானும் தட்டெழுத்து முடித்திருந்தேன். சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அந்த ஒரு போட்டியை விட்டால் அப்புறம் அடுப்படிதான். 

பள்ளிக்கூட போர்டுகளில் ஆடி ஆடிக் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டேன். கடைசி ஆட்டம் மட்டும் போட்டி நடத்துகிற ஊர் கிளப்பின் நல்ல போர்டில். மழைக்காலத்தில் கிளப் கூரை ஒழுகியதால், தறி இருக்கிற எங்கள் அறைதான் ஈரமில்லாத இடம் என்று அந்த போர்டை எங்கள் வீட்டில்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். போட்டியில் ஆடுகிறவள் வீட்டிலேயே போட்டி போர்டை வைக்கலாமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போட்டி அன்று காலை குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பினேன். அவர் வாசலில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சீயக்காய் வாசனை. அன்றைக்குத் தறியில் பாவு நூலே பூட்டவில்லை, நெசவு கிடையாது. பிறகு எதற்குக் கை கழுவுகிறார்?

"உள்ள வந்து பாரு. எப்படி ஓடுது பாத்தியா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

போர்டு பளபளவென்று இருந்தது. என் ஸ்ட்ரைக்கரை எடுத்து அவரே ஒரு சுண்டு சுண்டினார். அது சத்தமே இல்லாமல் போய் எதிர்க் கட்டையில் மோதி, திரும்பி வந்து, மறுபடியும் போனது. தறிக்குப் போடுகிற மாதிரியே கொஞ்சமாகத் தடவி அழுத்தித் துடைத்திருந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"போரிக் பவுடர் தீந்து பூடுச்சுன்னு நேத்தெல்லாம் பொலம்பிகினு இருந்தியே. தூள் இன்னாத்துக்கு? எண்ணெ இருக்கும்போது?"

ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஹாலில் நடுவர் பவுடர் போடாமல் ஆட்டத்தை ஆரம்பிக்க மாட்டார். ஓடிப்போய் என் முகப் பவுடரை எடுத்து ஒரு சிட்டிகை தூவி, சாதாரண ஸ்ட்ரைக்கர் ஒன்றை வைத்து அடித்தேன். ஒரு சாண் போனது. அப்புறம் இட்லி மாவில் விழுந்த ஈ மாதிரி நின்றுவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பசை.

"ஐயோ மாதாவே, இன்னா காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. நான் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. கிளப் ஆட்கள் போர்டை எடுக்க வருகிற நேரம் நெருங்கிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டால் நாற்றம் ஊரைக் கூட்டும். சோப்புத் தண்ணீர் பட்டால் பலகை உப்பிவிடும். தெருக்கோடி ரைஸ் மில்லுக்கு ஓடி ஒரு கூடை தவிடு கொண்டுவந்தார். தவிடு எண்ணெயைக் குடிக்கும் என்று யார் சொன்னார்களோ, இரண்டு பேரும் வெறி பிடித்த மாதிரி தேய்த்தோம். உண்மையிலேயே குடித்தது. நடுப்பகுதி பழையபடி காய்ந்து வந்தது. ஓரங்களுக்குப் போவதற்குள் வாசலில் ரிக்‌ஷா மணி அடித்தது.

போர்டை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். வழியெல்லாம் அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்.  சொன்னால் போட்டியை நிறுத்திவிடுவார்கள், வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எனக்குத் தெரியுமே.

என்னோடு ஆட வந்தவள் பெரணமல்லூர்க்காரி. என் வயதுதான் இருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்திருந்தாள். நாற்றங்காலில் நின்ற கால் என்று அவள் பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளும் அதே சான்றிதழுக்குத்தான் வந்திருக்கிறாள் என்பதை ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஸ்ட்ரைக்கரை எடுத்தாள். மெல்லிசு, ஓரமெல்லாம் தேய்ந்தது, யாரிடமோ இரவல் வாங்கியது.

என்னுடையது அப்படி இல்லை. மெட்ராஸில் வேலை செய்த என் தம்பி வாங்கிக் கொடுத்தது. விதி அனுமதிக்கிற அளவுக்குக் கனமானது. காய்ந்த போர்டில் அதை அடக்கி ஆளத்தான் பாடுபட வேண்டும். விரல் கொஞ்சம் மீறினாலும் காயோடு சேர்ந்து தானும் குழியில் போய் விழும். ஆனால் எண்ணெய் போர்டில் அதுதான் ராஜா. ஓரத்துப் பசையை உழுதுகொண்டு நேராகப் போகும். பசை அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. நடுவில் காய்ந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கேதான் நான் அடித்த கோணம் வேலை செய்யும். கையில் தெம்பும் அந்த ரகசியமும் இருந்தால் போதும். இரண்டும் என்னிடம் இருந்தன.

நடுவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். டப்பாவிலிருந்து பவுடரைத் தாராளமாகத் தூவினார். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவருக்குச் சான்றிதழ். ஆட்டம் ஆரம்பித்தது.

முதல் ஆட்டத்தில் அவளை நான் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டேன். அவள் அடித்ததெல்லாம் பாதியில் நின்றது. நல்ல ஆட்டக்காரி அவள். விரல் வைக்கிற விதத்திலேயே தெரிந்தது. குறி தப்பவில்லை, போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவள் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள். ஊதிப் பார்த்தாள். போர்டின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. "இன்னிக்கு என் கையே சரியில்ல" என்று யாரிடமும் சொல்லாமல் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அது என்னைக் கொன்றது. ஜெயித்துக்கொண்டே இருக்கிறேன், நெஞ்சு மட்டும் தோற்றவள் மாதிரி அடித்துக்கொள்கிறது. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் பின்னால் என் வீட்டுக்காரர் தூணோடு தூணாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு ஆட்டம் ஜெயித்தால் சான்றிதழ். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் மறுபடியும் கையைத் துடைத்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"சார், போர்டுல எண்ணெ இருக்குதுங்க."

"இன்னாம்மா சொல்ற?"

"ஓரத்துல எண்ணெ இருக்குதுங்க. பவுடரோட சேந்து பசை ஆயிடுச்சு. அதான் அவங்க அடிக்கிறது நின்னு நின்னு போவுது."

டிரில் மாஸ்டர் விரலால் தேய்த்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "யாரு போட்டது?"

"நான்தாங்க" என்றேன். அதே நேரத்தில் பின்னாலிருந்தும் ஒரு குரல், "நான்தாங்க" என்றது. ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நாலு பேர் எதிரில் வாயைத் திறக்காத மனிதர் அவர். "தறிக்குப் போடற மாதிரி போட்டேங்க. நல்லா ஓடட்டும்னு. அவ கொழாயாண்ட போயிருந்தா. அவ மேல தப்பு இல்லீங்க" என்றார். கிளப் ஆள் ஒருவர், "புருஷனும் பொண்டாட்டியும் சேந்து நல்லா ஆடறாங்கப்பா" என்றார். காது மடல் எரிந்தது. அந்த ஆளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேறு நல்ல போர்டு இல்லை. ஜெயித்தவர் பெயரைச் சாயந்திரத்துக்குள் வேலூரில் இருக்கிற மாவட்ட ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். டிரில் மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "பேஜார் புடிச்ச வேலையா பூடுச்சே" என்றவர், பெரணமல்லூர்க்காரியிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. ஒனக்கே குடுத்துடட்டுமா?" என்றார்.

என் வேலை அவள் வாயில் இருந்தது. அவள் எட்டி என் ஸ்ட்ரைக்கரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். "சும்மா குடுத்தா வாணாங்க சார். இத வச்சே ரெண்டு பேரும் ஆடறோம். எண்ணெ எங்கங்க இருக்குதுன்னு அக்கா காட்டட்டும்."

என் வயசுக்காரி, என்னை அக்கா என்றாள். நான் விரலால் போர்டு முழுக்கக் காட்டினேன். இங்கே வழுக்கும், இங்கே பிடிக்கும், இந்த மூலையில் ஓங்கி அடிக்க வேண்டும் என்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முதல் ஆட்டம் ரத்து. புதிதாக ஆரம்பித்தோம். ஒரே ஸ்ட்ரைக்கர் அவள் கைக்கும் என் கைக்கும் மாறி மாறிப் போய்வந்தது. ஆரம்பத்தில் அவள் தடுமாறினாள், ஒரு ஆட்டம் எனக்கு. அப்புறம் கனத்தைக் கை பழகிக்கொண்டது, அடுத்தது அவளுக்கு.

மூன்றாவதில் அவளுக்கு ஒரு காய், எனக்கு ஒரு காய். சிவப்பு ஏற்கெனவே உள்ளே. என் முறை. என் காய் எதிர்மூலையில், குழிக்கு நேராக, போட்டுத்தள்ளு என்று கூப்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆனால் போகிற வழி ஓரத்து எண்ணெய் வழி. பசையில் நின்றுவிட்டால்?   பின்னால் என் வீட்டுக்காரர் மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பசையைத் தாண்டட்டும் என்று ஓங்கி அடித்தேன்.

அங்கே பசை இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி அதே வழியில் அடித்து அடித்து, அந்தக் கனமான ஸ்ட்ரைக்கரே எண்ணெயை எல்லாம் இழுத்துத் துடைத்துவிட்டிருந்தது. காலையில் பார்த்த போர்டை மனதில் வைத்துக்கொண்டு நான் அடித்தேன். என் கண்ணெதிரில் இருந்த போர்டு வேறு. காய் குழி வாயில் மோதித் தெறித்தது. ஸ்ட்ரைக்கர் போய்க் குழியில் விழுந்தது. அவள் அதை எடுத்து, மெதுவாக, வலிக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு தட்டு தட்டித் தன் கடைசிக் காயைப் போட்டாள்.

ஸ்ட்ரைக்கரைத் திருப்பித் தரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டியது. அவள் மேல் கோபம் இல்லை. கோபமெல்லாம் தூணருகில் நின்றவர் மேல்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரோடு நான் பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. சில நாள் கழித்துப் பாவு வந்தது. அவர் தறியில் இறங்கினார். வழக்கமான துணியை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், அப்படியே கீழே வைத்துவிட்டார். எண்ணெய் போடாமலே நெய்ய ஆரம்பித்தார். நாடா ஒவ்வொரு தடவையும் கீச்சென்று கத்தியது. இழை இரண்டு மூன்று தடவை அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டு மறுபடியும் நெய்தார். அடுத்த நாளும் அதே கீச்சொலி. எண்ணெய்ப் புட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுப்படியில் எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்வது? எழுந்து போனேன். "நகருங்க" என்றேன். அத்தனை நாளில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. பழந்துணியில் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டேன். கம்பியை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவு தடவி, அழுத்தித் துடைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பட்டு இழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய நல்லா கழுவிக்கோ" என்றார்.  வாசலுக்குப் போய்ச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். உள்ளே தறி சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது.