குறை சொல்லாத சனங்கள்

மெல்பேர்னில் வசதியான மனிதர்களுக்கு ஒரு வினோதமான ஆசை இருக்கிறது. தங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பியை அறுத்துவிட வேண்டும் என்பது. 'ஓஃப் கிரிட்' என்று அதற்குப் பெயர். கூரையில் சோலர் தகடு, கராஜுக்குள் அலுமாரி உயரத்தில் ஒரு பற்றரி, பிறகு மின்சாரக் கம்பனியின் முகத்தில் விழிக்கத் தேவையில்லை. எரிசக்தித் திணைக்களத்தில் எங்கள் விவகாரங்களைப் பார்க்கும் ஏட்ரியன் என்ற அதிகாரி போன கிழமை தேநீர் வேளையில் இந்த ஆசையைச் சொன்னபோது, காசிக்குப் புறப்படுகிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீடுகளுக்குச் சோலர் பூட்டும் கம்பனி ஒன்றில் அரசாங்கக் கொள்கைப் பிரிவுக்குத் தலைவி நான். அதாவது, இப்படிப்பட்டவர்களோடு தேநீர் குடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

நானும் கம்பியில்லாத ஊர்களில் வேலை செய்தவள்தான், யுத்த காலத்தில், திருகோணமலையில் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்படியானால் உங்கள் மக்கள் எங்களுக்கு முன்னோடிகள்," என்றார். யுத்தம் என்ற சொல் அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, அந்த எளிமையை விட்டு வந்தது வருத்தமாக இல்லையா என்று வேறு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

அந்த எளிமை எப்படி இருந்ததென்று ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே கம்பியை அறுக்கத் துடிக்கும் நம்மவர்களும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறைதான் எங்கள் அலுவலகம். கொழும்புக் கம்பனி ஒன்றின் கிளை. மின்சாரம் எட்டாத வீடுகளுக்கு ஒரு தகடு, ஒரு பற்றரி, சில பல்புகள் என்று அரசாங்க உதவித் திட்டத்தில் பூட்டிக் கொடுப்பது தொழில். பூட்டுகிறவர்கள் வேறு. அரசாங்கத்தைச் சமாளிப்பது என் பொறுப்பு. இன்றைக்குப் பார்க்கும் அதே வேலைதான், தேநீர் மட்டும் கிடையாது. பற்றரியால் குண்டை வெடிக்கவைக்கலாம் என்பதால் அதைக் கொண்டுபோக இராணுவ முகாமில் பாஸ் வாங்கவேண்டும். அதற்கு முதல், இந்த ஊருக்கு இப்போதைக்கு மின்சாரம் வராது என்று பிரதேச செயலகம் எழுதித் தரவேண்டும். அந்த விதியைக் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருந்தார்.

தம்பலகாமத்தில் குளக்கட்டைத் தாண்டிக் காட்டோரம் குடியிருந்தவர் செல்லத்துரை அண்ணை. வயற்காரர். அவருக்கு வாசலில் ஒரு லைற் வேண்டும். ரேடியோ கேட்கவோ படிக்கவோ அல்ல, யானை வருவது தெரிய. தூரத்திலேயே தெரிந்தால் கால் ஏலாத மனைவி பவளம் அக்காவைத் தாங்கிக்கொண்டு பின்பக்கத்தால் வெளிக்கிட்டுவிடலாம். முந்தி யானை வெடி கொளுத்திக் கலைத்தார்கள். யுத்தம் வந்தபிறகு வெடிச்சத்தம் கேட்டால் முகாமிலிருந்து பதில்வெடி வரும். ரோச் லைற்றுக்குப் பற்றரி வாங்கவும் தடை. குப்பிவிளக்கு காற்றுக்கு நிற்காது. வீட்டுக்குள் நெல்மூட்டை, வெளியே அதன் மணம் பிடித்துவரும் யானை, நடுவில் ஒரு மண்சுவர். இதுதான் ஏட்ரியன் பொறாமைப்பட்ட வாழ்க்கை.

தேர்தலுக்கு முன் ஓர் அமைச்சர் வந்து அந்த ஊர்வரைக்கும் மின்கம்பங்கள் நட்டுவிட்டுப் போயிருந்தார். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், கம்பி மட்டும் வரவில்லை. "கம்பம் நல்ல உதவி, பிள்ளை," என்றார் செல்லத்துரை அண்ணை. "முந்தி யானை முதுகு தேய்க்க மரம் தேடித் திரிஞ்சது."

பிரதேச செயலகத்தில் எங்கள் கோப்பை வைத்திருந்தவர் தமிழர்தான். ஒவ்வொரு முறையும் கதிரை தந்து மரியாதையாகத்தான் பேசுவார்.

"மின்சாரம் வராதெண்டு நான் எழுதினா, அமைச்சர் பொய் சொன்னவரெண்டு எழுதினமாதிரி, மிஸ்."

"அப்ப வருமெண்டு எழுதுங்கோவன்."

"அதுவும் ஏலாது. எப்பவெண்டு கேப்பாங்கள்."

அதனால் அவர் ஒன்றும் எழுதவில்லை. அவருடைய பயத்தை நான் மன்னிப்பேன். அந்தக் காலத்தில் பயப்படாதவர் யார்? பயத்துக்கு ஒழுங்குவிதி என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு கோப்பும் திறந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தாரே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் சகிக்க முடியவில்லை.

கொழும்பில் உதவித் திட்டத்தை நடத்தியவர்களுக்கு மேலும் மேலும் எழுதி அரித்ததில், நேரில் வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்கள். வந்தார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு பெரிய அதிகாரியும், அவருக்குப் பாதுகாப்பாக ஒரு ஜீப் நிறைய இராணுவமும். செல்லத்துரை அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, சால்வையைக் கக்கத்தில் இடுக்கியபடி முற்றத்தில் நின்றார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ என்று முதல்நாளே சொல்லிவைத்திருந்தேன். மின்சாரம் இல்லாமல் என்ன கஷ்டம் என்று அதிகாரி கேட்டார். அண்ணை அவரைப் பார்க்கவில்லை. வேலியோரம் நின்ற துவக்குகளைப் பார்த்தார்.

"கஷ்டமெண்டு ஒண்டுமில்லை, ஐயா. அரசாங்கம் எங்களை நல்லாப் பாக்குது. கம்பம் வந்திட்டுது, கரண்டும் வரும்."

"அண்ணை, யானையைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றேன்.

"யானை... அது வரும், போகும், ஐயா. ஒருத்தருக்கும் கரைச்சலில்லை."

அந்த வருடங்களில் சீருடைக்கு முன்னால் நம் சனங்களுக்கு வேறு பதில் வராது. குறை சொன்னவனை, உனக்கு என்ன குறை, யார் உனக்குச் சொல்லித் தந்தது என்று பிறகு வந்து விசாரிப்பார்கள். பக்கத்து ஊரான கிண்ணியாவிலும் இதே பதிலைத்தான் கேட்டிருக்கிறேன். தலையில் கொஞ்சம் மூளையுள்ளவன் அந்தப் பதிலைக் கேட்டதும் ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி கேட்டிருப்பான். கொழும்பு அதிகாரியோ, தேவை இல்லை என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு இளநீர் குடித்தார்.

ஜீப் போனபிறகு செல்லத்துரை அண்ணை முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார். "வடிவாச் சொல்லிப்போட்டன், என்ன பிள்ளை? ஒரு பிழையும் விடேல்லை. இனி எப்ப வந்து பூட்டுவீங்கள்?"

அந்த மாரியிலேயே யானை வந்தது. சுவர் பவளம் அக்காவின் மேல் விழுந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. செத்தவீட்டுக்குப் பிரதேச செயலக அதிகாரியும் வந்திருந்தார். "கரண்ட் இருந்திருந்தா இப்பிடி நடந்திராது," என்றார். சுற்றியிருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். செல்லத்துரை அண்ணையும் ஆட்டினார். எனக்கு அந்த அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

இங்கே நான் இப்போது மல்லுக்கட்டுவது வாடகை வீடுகளுக்காக. ஹீற்றர் போட்டால் பில் ஏறும் என்று, குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே ஜக்கெற்றோடு இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சோலர் பூட்ட வீட்டுச் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. அவர்களைக் கட்டாயப்படுத்த ஒரு விதி வேண்டும் என்று கேட்கிறோம். ஏட்ரியன் ஒரு கருத்துக்கணிப்பை எடுத்து நீட்டினார். நம்மவர்கள் நெருக்கமாக வாழும் புறநகர் ஒன்றில், வீடு குளிர்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். "மிகவும் திருப்தியான சமூகம்," என்றார். யாரை அனுப்பிக் கேட்டீர்கள் என்றேன். திணைக்களச் சின்னம் பொறித்த மேற்சட்டை போட்ட இரண்டுபேரை அனுப்பினாராம். கொழும்பு அதிகாரியாவது இளநீருக்காக வந்தார். இந்த மனிதர் இதற்காகப் பட்டமேற்படிப்பு முடித்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை அந்தப் புறநகருக்கு நானே போனேன். அதே திணைக்களம் தந்த அனுமதி அட்டை என் கழுத்திலும் தொங்கியது. அது இல்லாமல் இந்த வேலைக்குக் கதவு தட்ட விடமாட்டார்கள். சங்கிலியைக் கழற்றாமலே ஒரு பெண் கதவைத் திறந்தார். என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குள் நிற்கும்போதும் அவர் தலையில் கம்பளித் தொப்பி.

"எவ்ரிதிங் ஃபைன், மேடம்," என்றார், நான் வாய் திறக்குமுன்பே.

"நான் திருகோணமலை, அக்கா. வீடு குளிருதோ?"

அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார்.

"நீங்கள் நல்லாத் தமிழ் கதைக்கிறீங்கள்," என்று சொல்லிவிட்டு, என் மனம் நோகக்கூடாதே என்பதுபோல் கதவை மெதுவாகச் சாத்தினார்.