மூன்றாவது மாடிக்கு ஒரு ஸ்டூல்

லிஃப்ட் நின்றுவிட்டது. ஆனாலும் அதை ஓட்டுகிறவர் உடனே வழி விடுவதில்லை. கம்பிக் கதவைக் கால்வாசி இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கால் பெருவிரலால் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் சேருமிடத்தைத் தடவிப் பார்க்கிறார். ஒரு விரல்கடை ஏற்ற இறக்கம் தட்டுப்பட்டாலும் போச்சு. கதவை மறுபடி சாத்தி, கைப்பிடியை மயிரிழை மேலே திருப்பி, மயிரிழை கீழே திருப்பி, திரும்பவும் விரலை நீட்டுவார். உள்ளே நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

“விடுங்க, தாண்டிக்கிறோம்.”

“நீங்க தாண்டிடுவீங்க. ஸ்ட்ரெச்சர் தாண்டாது.”

ஸ்ட்ரெச்சர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாதபோதும் இதே பதில்தான். அந்த ஆஸ்பத்திரிக்கு இருப்பது ஒரே லிஃப்ட். பொத்தானை அமுக்கினால் தானே போகும் ரகமில்லை, ஆள் கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆள் இவர். நர்சுகள் வைத்த பெயர் லிஃப்ட் போதகர். இப்போது அவர் போதிப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டு வருஷம் முன்புவரை போதித்தார், அதுவும் மாடிவாரியாக. அறுவை சிகிச்சைக்கு இரண்டாவது மாடி போகிறவர்களுக்கு, “கத்தி டாக்டர் கையில, டாக்டர் ஆண்டவர் கையில.” சவக்கிடங்குக்காக அடித்தளம் இறங்குகிறவர்களுக்கு, “அழாதீங்க, போனவங்க நல்ல இடத்துலதான் இருக்காங்க.” மூன்றாவது மாடியிலிருந்து துணிச்சுருளோடு இறங்கும் தாய்மார்களுக்கு, “ஆண்டவர் குடுத்த சொத்து, பத்திரமாப் பிடிச்சுக்கோங்க.” எல்லாவற்றையும் கைப்பிடியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வார். மாடி தெரிந்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. உலகத்தில் துன்பம் ஏன் என்பதற்கு, கேட்ட பிரசங்கங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஏழு காரணங்கள், வரிசை எண்ணோடு.

ஒருநாள் காலை மூன்றாவது மாடியில் ஓர் இளம்பெண்ணும் அவள் புருஷனும் ஏறினார்கள். அவள் கையில் வெள்ளைத் துணிச்சுருள். இவர் கைப்பிடியைத் திருப்பினார், வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்.

“உயிர் இல்லைங்க” என்றாள் அவள்.

அவ்வளவுதான் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. பிறந்து மூன்று மணி நேரம் இருந்த குழந்தை. யார் கேட்டும் கொடுக்க மாட்டேன் என்று தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு அவர் கைப்பிடியைத் திருப்பப் பிந்தி, லிஃப்ட் நாலு விரல்கடை தாழ்வாக நின்றது. வெளியே வைத்த கால் தடுக்கி அவள் முன்னால் சாய்ந்தாள். விழவில்லை, புருஷன் பிடித்துக்கொண்டான். தடுக்கிய அந்த நொடியிலும் அவள் கைகள் துணிச்சுருளைத்தான் நெஞ்சோடு இறுக்கின. அதை அவர் பார்த்துவிட்டார்.

பெருவிரல் பழக்கம் அப்போது வந்ததுதான். ஸ்டூலைத் திருப்பிப் போட்டதும் அப்போதுதான். இன்று அவர் கதவுக்கு முதுகு காட்டி, ஏறி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கைப்பிடி பக்கவாட்டில் போய்விட்டதால் தோள்பட்டை வலிக்கிறது. ராத்திரி மனைவி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, “ஊரெல்லாம் நேரா உட்காருது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்பாள். ஸ்டூலை வேறு யாருக்கும் தர மாட்டார். சுளுக்குப் பிடித்த காலோடு தலைமை டாக்டரே ஏறியபோதும், “இதோ வந்துடுச்சு டாக்டர்” என்று சொல்லிச் சமாளித்த மனிதர்.

அவர் போகும் சர்ச்சில் ஆண்கள் கூட்டம் மாதத்துக்கு ஒன்று. துன்பத்தைப் பற்றி இவரைவிட்டால் யார் பேசுவது என்று சபைப் போதகர் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கினார். இவர் நோட்டுப் புத்தகம் இல்லாமல் எழுந்தார்.

“சிநேகிதன் செத்து நாலாம் நாள், ஆண்டவர் கல்லறைக்கு வந்தாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் எந்திரிச்சு வரப் போறான்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்னு அழுதாரு. நான் ஒண்ணுமே தெரியாம, இருபது வருஷமா எல்லாரையும் அழாதீங்க, அழாதீங்கன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மீதி இருபத்தெட்டு நிமிஷத்தைப் பாட்டுப் பாடி ஒப்பேற்றினார்கள்.

போன மழைக்காலத்தில் அந்தப் பெண் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ஐந்து மாத வயிற்றோடு. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அறையும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது. ஏன் என்று கட்டிடம் கட்டியவரைத்தான் கேட்க வேண்டும். முதல் குழந்தை தங்காததால் வாராவாரம் பரிசோதனை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவாள். லிஃப்ட் கதவைத் திரும்பியும் பார்க்காமல் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். அறுபத்தாறு படி. கம்பிகளுக்கு இடையே அவளைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு ஒரே நினைப்புதான். தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இப்படி மூச்சிரைக்க ஏறுகிறாளே, மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்?

“போய் மன்னிப்புக் கேளுங்க” என்றாள் மனைவி.

“கேட்டா எனக்கு பாரம் இறங்கிடும். அவங்களுக்குப் படி குறையுமா?”

அதனால் ஒரு யோசனை செய்தார். பத்து மணி டீ நேரத்துக்கு எலெக்ட்ரீஷியன் கால் மணி நேரம் லிஃப்டைப் பார்த்துக்கொள்வார். அடுத்த வியாழக்கிழமை அவள் வருமுன்னே இவர் எழுந்து போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவள் வந்தாள். திறந்திருந்த லிஃப்டையும் உள்ளே இருந்த எலெக்ட்ரீஷியனையும் பார்த்தாள். படியை நோக்கி நடந்தாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அவள் தவிர்த்தது இவரை அல்ல. அந்த நாலு சுவரை. பாவம், அதற்குள் நிற்க அவளால் முடியவில்லை.

அதற்கடுத்த வியாழன் அவர் டீ குடிக்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியேறினார். முதல் திருப்பத்தில் ஸ்டூலைப் போட்டுவிட்டு, நாலு படி தள்ளிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

“யாராச்சும் அனுப்பினாங்களா?” என்றாள் அவள்.

“இல்லம்மா. டீ நேரம், சும்மாதான் இருக்கேன்.”

அவள் உட்காரவில்லை. அவரும் விடவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டூல் போனது. இரண்டாவது வாரம் அதன்மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். மூன்றாவது வாரம், முட்டி வலியோ என்னவோ, உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். நர்சுகள் வாங்கி வைக்கக் கேட்டாலும் தராத பை அது.

“அன்னைக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினீங்களே” என்றாள். “இப்பச் சொல்லுங்க. குடுத்தவரு எதுக்குத் திரும்ப எடுத்தாரு?”

ஏழு காரணங்களும் அவருக்கு மனப்பாடம். முதல் காரணம் நுனிநாக்குவரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“தெரியலம்மா.”

“தெரியலையா?”

“அன்னைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். முகத்தைக்கூடப் பார்க்காம பேசிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா.”

கீழே யாரோ லிஃப்ட் மணியை அடித்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க சாமிக்காவது தெரியுமா?”

“சிலுவையில தொங்கும்போது அவரே ஏன்னுதான் கேட்டாரு. மேலேருந்து சத்தமே இல்ல. மூணாம் நாள்தான் விடிஞ்சுது. நடுவுல அவரோட ஆளுங்களுக்கு ஒரு காரணமும் தெரியாதும்மா. கதவைப் பூட்டிக்கிட்டு ஒண்ணா உட்கார்ந்திருந்தாங்க, அவ்வளவுதான்.”

அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்காமல் வழிய விட்டாள். அவரும் அழாதீங்க என்று சொல்லவில்லை. அவருடைய மூக்கே ஒழுகிக்கொண்டிருந்தது, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். கால் மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. எலெக்ட்ரீஷியன் கீழேயிருந்து இவர் பேரைச் சொல்லிக் கத்தினார்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றி எழுந்தாள். அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னால் இரண்டு படி ஏறியிருப்பார்.

“இந்தாங்க” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

திரும்பினார். அவள் பையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலைப் படியிலேயே கீழே வைத்தார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு படி இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்த்து, பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.