ஜெனரல் வீட்டுக் கல்வேலை

குப்பம் டவுனுக்குப் பக்கத்தில் கல் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர், கல்யாணமான ஏழாம் மாதம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். இங்கிருந்து கப்பலில் போகும் கிரானைட்டை அங்குள்ள வீடுகளில் பதிக்கும் வேலை. நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினேன்.

அவர் அதிக நாள் வேலை செய்தது ஒரு ராணுவ ஜெனரலின் வீட்டில். சாயங்காலமானால் ஜெனரல் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, வேலையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பாராம். மாடு மேய்ப்பவரின் மகன். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். எல்லையில் இருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்த செய்தி நான்கு நாள் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்ததாம். ஒருமுறை ஜெனரல் எங்கள் வீடியோ காலில் எட்டிப் பார்த்துச் சிரித்து, ஏதோ கேட்டார்.

"நான் எப்போ ஊருக்குப் போவேன்னு கேக்கறாரு," என்றார் கணவர்.

"நானும் அதத்தான் கேட்டுக்கினு இருக்கறேன்னு சொல்லு மாமா."

அடுத்த மாதம் ஒரு காலையில் கேன்டீன் டிவியில் தெலுங்குச் செய்தி. துப்பாக்கிக்காரர்கள் பின்னால் நிற்க, நடுவில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்தவர் அதே ஜெனரல். ஆட்சியைப் பிடித்துவிட்டாராம்.

"இவர எனக்குத் தெரியும்," என்றேன்.

"இட்லி ஆறுது, துன்னுடி," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

கணவரிடமிருந்து பதினொரு நாள் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அலிபிரி அடிவாரத்திலிருந்து பெருமாளைக் கும்பிட மலைக்கு நடந்தேன். போனைப் பையில் போட மனம் வரவில்லை. புதன்கிழமை ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் ஆறு மிஸ்டு கால். திரும்ப அடித்தேன், போகவில்லை. அன்று ராத்திரி முழுக்க அந்த ஆறு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேசினார். ஜெனரல் குடிபோன அதிபர் அரண்மனையில் கல் பதிக்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை அரண்மனை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஜெனரல்கிட்ட சொல்லேன் மாமா."

"முன்ன மாதிரி இல்லம்மே. சுத்தி துப்பாக்கி நிக்குது. கிட்டவே போவ முடியல."

பதினான்கு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் காவலர்களோடு நடந்துபோன ஜெனரல், முட்டி போட்டு வேலை செய்துகொண்டிருந்த என் கணவரைப் பார்த்து நின்றார்.

"நீ இன்னும் ஊருக்குப் போகவில்லையா? உன் மனைவி?"

"பாஸ்போர்ட் உங்க ஆளுங்ககிட்ட இருக்குது சார்."

ஜெனரல் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். மறுநாள் பாஸ்போர்ட் வந்தது. அந்த வாரமே சென்னை விமான நிலையத்தில் நான் அவரைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது.

அவர் ஊர் திரும்பிய நான்காம் மாதம், ஜெனரலை அவருடைய அதிகாரிகளே கவிழ்த்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய ஆட்சியில் எத்தனை வீடுகளில் போன் அடிக்காமலே போனதோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டு ஆளை அனுப்பிவைத்தவர் அவர்தான். நன்றி சொல்ல ஒரு விலாசம்கூட எங்களிடம் இல்லை.

இன்றும் வேலைக்குக் கிளம்பும் முன் கணவர் போனில் அந்த நாட்டுச் செய்தியைத் தேடுகிறார்.

"எதுனா போட்டிருக்கானா மாமா?"

"இல்ல," என்று செருப்பை மாட்டிக்கொள்கிறார்.