ரோலியின் வண்டி ஏறாத ஆறு படிகள்

என் மோட்டார் சைக்கிள் கடையில் இருக்கிற உதிரி பாகங்களில் ரோலி ஸாஸ்ட்ரோவுக்கு நான் விற்காதது எதுவும் பாக்கியில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

ரோலிக்கு ஐம்பத்தாறு வயது. சீஸ் தொழிற்சாலையின் குளிர் அறையில் இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டி அடுக்குகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன் தொலைதூரம் போகிற பெரிய க்ரூஸர் வண்டி ஒன்று வாங்கினான். வாங்கிய அன்றே மனைவி மார்லிஸைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"வெர்னா, பாத்துக்கிட்டே இரு. இவளை மேற்கே மலை வரைக்கும் இதுலயே கூட்டிட்டுப் போறேன்."

"முதல்ல ஊர் எல்லையைத் தாண்டுய்யா" என்றேன். மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நவம்பர் பிறந்தால் எங்கள் விஸ்கான்சினில் கராஜில் வேலை பார்க்க முடியாது, குளிரில் ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லாரும் வண்டியை வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறைக்கு இறக்கிவிடுவார்கள். பின்பக்கச் சாய்வுக் கதவைத் திறந்து, ஆறு படிகள்மேல் பலகை போட்டு, கயிறு கட்டி நாலு பேர் இறக்குவார்கள். ஏப்ரலில் அதே நாலு பேர் ஏற்றுவார்கள். இடையில் உள்ள ஐந்து மாதம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

ரோலி முதலில் சைலன்சரை மாற்றினான். அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அடுத்த குளிர்காலம் ஹேண்டில்பாரை உயர்த்தினான். உயர்த்தினால் கிளட்ச் கேபிள் எட்டாது, பிரேக் குழாய் எட்டாது, எல்லாம் புதுசு வாங்கினான். வயர் வெளியே தெரிவது அசிங்கமாம், ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதை ஹேண்டில்பார் குழாய்க்குள் இழுத்தான். பிறகு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் குட்டையாகத் தெரிந்தது. நீளமானதைப் போட்டதும் பின்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. தரையோடு தாழ்த்தினான். கடைசியில் இரட்டைச் சீட்டையும் கழற்றி ஒற்றைச் சீட்டு மாட்டினான்.

"யோவ், மார்லிஸ் எங்கய்யா உட்காருவா?"

"அது ரெண்டு நிமிஷ வேலை. கிளம்பறப்போ மாட்டிக்கலாம்."

கழற்றிய அசல் பாகங்களை என் கடையில் விற்கப் போட்டுவிடுவான். எல்லாரும் அப்படித்தான். புது வண்டியின் பாகங்கள் அழுக்குக்கூடப் படாமல் என் பின் அலமாரிக்கு வரும், யாராவது மலிவாகத் தூக்கிப் போகும்வரை வருஷக்கணக்கில் கிடக்கும்.

மூன்று கோடையாக அந்த வண்டி மேலே வரவில்லை. ஒவ்வொரு ஏப்ரலும் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பான். வேலை விட்டால் குளிர் அறையிலிருந்து நேரே நிலவறை. சாப்பாட்டுத் தட்டும் கீழேதான் போகும். "எனக்கு மூச்சு முட்டுது வெர்னா" என்று மார்லிஸ் ஒரு நாள் என் கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். அன்று சாயங்காலமே ரோலிக்கு ஒரு ஹெட்லைட்டும் விற்றேன். என்னை என்ன சொல்ல!

இந்த வசந்தத்தில் அவள் கெடு வைத்துவிட்டாள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி.

"வண்டி மேல வந்தா பின்னால உட்கார்ந்து வரேன். வரலேன்னா நான் பாட்டுக்கு மலைக்குக் கிளம்பிடுவேன்."

"எதுல போவே, பஸ்லயா?" என்று ரோலி சிரித்தான்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வண்டி அவ்வளவு அழகாக இருந்தது. ரோலி ஒற்றைச் சீட்டைக் கழற்றி, வெளியே ஆர்டர் போட்டு வாங்கிய இரட்டைச் சீட்டை மாட்டியிருந்தான். அவனோடு சீட்டாடுகிற மூன்று பேர் மேலே நின்று கயிற்றை இழுக்க, ரோலி கீழிருந்து தள்ளினான். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியில் 'டங்' என்றது. தாழ்த்திய வண்டியின் அடிவயிறு படி விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. உயர்த்திய ஹேண்டில்பார் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. ஃபோர்க் சாய்வை அரை டிகிரி பிசகாமல் அளந்த மனுஷன், கதவை அளக்கவில்லை.

"ஹேண்டில்பாரைக் கழட்டுடா" என்றான் சீட்டாட்டக்காரன் ஒருவன்.

"வயர் உள்ளே ஓடுதுடா மடையா! கழட்டினா மறுபடி ஒரு மாசம்."

"அப்போ பழைய ஃபோர்க், பழைய ஹேண்டில்பார்?"

ரோலி இடுக்கு வழியாக என்னைப் பார்த்தான். "உன்கிட்ட இருக்கா வெர்னா?"

"எல்லாம் வித்தாச்சு."

"யாருக்கு?"

நான் தெருப் பக்கம் பார்த்தேன். தெருவில் ஒரு வண்டி வந்தது. சாதுவான சத்தம். ரோலியின் முகம் மாறியது. "என் பழைய சைலன்சர் சத்தம் மாதிரி இருக்கே" என்றான்.

மார்லிஸ் புல்தரையில் வண்டியைத் திருப்பி, கதவுக்கு எதிரே நிறுத்தினாள். போன இலையுதிர் காலத்தில், பள்ளத்தில் விழுந்து முன்பக்கம் நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்றை அவள் வாங்கி என் கொட்டகையில் வைத்திருந்தாள். ரோலியின் பாகங்களைப் போட்டுத்தான் நான் அதைச் சரிசெய்தேன். அவன் ஃபோர்க், அவன் ஹேண்டில்பார், அவன் சைலன்சர், அவன் சிகரெட் சுட்ட தழும்போடு அந்த இரட்டைச் சீட்டு. ஓட்டுவதற்கு வாரக்கடைசி வகுப்பில் கற்றுக்கொண்டாள்.

"பின்னால இடம் இருக்கு ரோலி. உன் சீட்டுதான். வீட்டுக்குள்ள இருக்கிற படி ஏறி வா."

"கையை எடுத்தா வண்டி சறுக்கிடும்."

"நாங்க பிடிச்சுக்கறோம், நீ போடா!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

"பெயிண்ட் போயிடும்டா." ஹேண்டில்பாருக்கும் நிலைக்கும் நடுவே அவன் முகம் மட்டும் தெரிந்தது. "ஒரு வாரம் குடு மார்லிஸ். ஒரே வாரம்."

அவள் இன்ஜினை அணைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, தெருவில் இறங்கி, மேற்கே திரும்பினாள். சத்தம் தேய்கிறவரைக்கும் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்தபடியே தெருவைப் பார்த்தார்கள்.

கீழிருந்து ரோலிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"வெர்னா, வயரை அவிழ்க்காமலே மடக்கற ஹேண்டில்பார் வந்திருக்காமே. உன் கடையில இருக்கா?"

அந்த வாரம்தான் வந்த இரண்டு முன் அலமாரியிலேயே இருந்தன.

"இல்ல ரோலி" என்றேன்.

"சரி, அப்போ ஆர்டர் போடு."