ஊருக்குப் போக ஓர் ஊசி

இங்கே பாத்ரூம் குழாயில் கையை ஏந்தித் தண்ணீர் குடிக்கிறார்கள். பிரிஸ்பேனுக்கு வந்த புதிதில், நான் சமையல் செய்யும் ஓட்டலின் முதலாளி அப்படிக் குடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் ஊரான சோமனூரில் குடிக்கிற தண்ணீர் வேறு, கழுவுகிற தண்ணீர் வேறு. நல்ல தண்ணி வருகிற நாளில் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்து குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்போம். இங்கே எல்லாம் ஒன்றுதான். என் மகள் யாழினி இங்கே பிறந்தவள். அவளும் அந்தக் குழாயில்தான் குடிக்கிறாள்.

சோமனூரில் அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாய்மாமன் நான், போகாமல் இருக்க முடியாது. டிக்கெட் எடுத்ததும், பிள்ளையை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்றாள் மனைவி. போனோம். இந்தியாவுக்கு என்றால் ஹெபடைடிஸ் ஏ ஊசி போட்டுக்கொள்வது நல்லது, தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுகிற காமாலை அது என்றாள் அங்கிருந்த நர்ஸ். எனக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் எங்கள் தெருவுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த காலத்தை என் அப்பா பார்த்தவர். தண்ணீரை வைத்து யாராவது சுத்தம் பேசினால் எங்களுக்குக் காது உடனே கேட்கும். கல்யாணத்துக்குப் போக எதற்கு ஊசி? யாருக்கு லாபம்? உங்கள் பிள்ளைக்குப் போட்டீர்களா என்று கேட்டேன். இது பயமில்லாத ஊசிதானா என்பதுதான் என் கேள்வி. என் மகன் இந்தியாவுக்குப் போகவில்லையே என்று அவள் சிரித்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நர்சைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

“ஏங்கண்ணு, எங்க ஊட்டுத் தண்ணி இப்ப உங்களுக்கு விசமாயிப்போச்சா? கல்யாணத்துக்கு வாரீங்களா, காட்டுக்கு வாரீங்களா?”

“நானா சொன்னேங்க்கா? அவ சொன்னா.”

போனில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. அக்கா குரலை இறக்கிக் கேட்டாள். “உங்க மச்சானுக்கு வந்தது இதே காமாலையா கண்ணு?”

மச்சான், அக்கா வீட்டுக்காரர், விசைத்தறி ஓட்டியவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது எனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். காமாலைக்கு மந்திரிக்கிறவர் என் கையில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. நோய் இறங்குகிறது என்றார்கள். சரியாகிவிட்டது. அதனால் பல வருடம் கழித்து மச்சானுக்குக் கண் மஞ்சளானபோதும் அதே ஆளிடம்தான் போனார்கள். மச்சான் கையிலிருந்தும் மஞ்சளாகத்தான் இறங்கியது. எல்லாரும் நம்பினோம். அவர் தறிக்குத் திரும்பிவிட்டார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. உடம்பைத்தான் கொண்டுவந்தோம். எந்தக் காமாலை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

“தெரியலீங்க்கா.”

“தெரியலைன்னா போய்க் கேளு. புள்ளைய வெச்சுக்கிட்டு ரோசம் பாக்காத.”

திரும்பப் போனேன். அதே நர்ஸ்தான். காமாலையில் பல வகை உண்டு, உங்கள் மச்சானுக்கு வந்தது எதுவென்று இப்போது சொல்ல முடியாது என்றாள். இந்த வகை சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் லேசாகப் போய்விடுமாம். சிலருக்குக் கண்கூட மஞ்சளாகாதாம். ஆனால் அவர்களிடமிருந்து பெரியவர்களுக்குத் தொற்றும். பெரியவர்களைத்தான் அது அதிகம் படுத்தும். சிலருக்கு ஈரல் வரை போகும். அப்படியென்றால் நான் பிழைத்தது சுண்ணாம்புத் தண்ணீரால் அல்ல, சின்னப் பையன் என்பதால் தானாகவே சரியாகியிருக்கலாம்.

ஊசியைப் பற்றிக் கேட்டேன். உள்ளே இருப்பது செத்த கிருமி, அதனால் காமாலை வராது என்றாள். ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் போடலாம், பெரியவர்களுக்கும் போடலாம். கை வலிக்கும். லேசான காய்ச்சல், அசதி வரலாம். பெரிய ஒவ்வாமை அபூர்வம், அதற்காகத்தான் போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்காரச் சொல்கிறோம் என்றாள். முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நான் சமையல்காரன். ருசி பார்க்காமல் பரிமாறுவதில்லை. முதலில் எனக்குப் போடுங்கள் என்றேன். உங்களுக்குச் சின்ன வயதில் வந்தது இதே காமாலை என்றால் ஊசியே தேவைப்படாது, ரத்தம் பார்த்தால் தெரியும், போட்டாலும் கெடுதல் இல்லை என்றாள். போட்டுக்கொண்டேன். குண்டான் தூக்கும்போது கை வலித்தது. வேறொன்றும் இல்லை. சில நாள் பார்த்துவிட்டு யாழினியைக் கூட்டிப்போனேன். கொஞ்சம் அழுதாள். மறுநாள் விளையாடப் போய்விட்டாள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி, அப்போதுதான் ரொம்ப வருடம் காக்கும் என்றாள் நர்ஸ். இது இந்த ஒரு காமாலைக்கு மட்டும்தான், ஊரில் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ஊசியைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பயம். அக்கா வீட்டில் எப்படிச் சொல்வது? மனைவி பையில் பாட்டில் தண்ணீரை ஒளித்துக் கொண்டுவந்தாள். போய்ப் பார்த்தால், யாரும் சொல்லாமலே அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் புள்ளைக்கு வெந்நீரா என்று மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் கிண்டல் செய்தார்.

அக்கா ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு அவரிடமே நீட்டினாள். “தனிச் சொம்பெல்லாம் எங்க ஊட்டுல கெடையாதுங்க. காய்ச்சுனா எல்லாத்துக்கும்தான் காய்ச்சுவேன். குடிங்க.”

அவர் குடித்தார். அதே சொம்பில் யாழினியும் குடித்தாள். பாட்டில் பையிலேயே இருந்தது. அந்த ஊசி இங்கேயும் கிடைக்குமா என்று அக்கா தனியாகக் கேட்டாள். பிரைவேட்டில் போடுகிறார்கள் என்றேன். “கல்யாணம் முடியட்டும். பொண்ணு மாப்பிள்ளைய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிக் கேக்கோணும்” என்றாள்.

பிரிஸ்பேனுக்குத் திரும்பிய மறுநாள், யாழினி பாத்ரூம் குழாயைத் திறந்து கையை ஏந்தி நின்றாள். குடிக்கவில்லை.

“அப்பா, இது காய்ச்சுனதா?”

இது இந்த ஊர்த் தண்ணி, அப்படியே குடிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அத்தை வீட்டுத் தண்ணி மட்டும் அழுக்கு என்றாகிவிடும். கையிலிருந்த தண்ணீர் விரல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் குழாயை மூடிவிட்டுப் போய், அடுப்பில் பாத்திரம் வைத்தேன். அவளுக்கு இரண்டாவது ஊசி இன்னும் பாக்கி.