சோப்பு வரிசையைத் தாண்டி

“ஷாம்பு, சோப்பு, சோப்புத்தூள், அப்புறம் அந்தப் பச்சைச் சோப்பு...” கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போகிறார் மாமா. எதிரில் அவர் மனைவி கைப்பேசியில் ஒரு நிமிடத்தை ஓடவிட்டிருக்கிறாள். தினமும் காலையில் இந்தக் கூத்துதான்.

“ஏங்க, சோப்பை விட்டு வெளிய வாங்க! கடையில வேற சரக்கே இல்லையா?”

“இருடி, வரிசையில ஒரு சோப்பு கோணலா நிக்குது.”

பெரிய பலசரக்குக் கடையில் அலமாரி அடுக்குவது அவர் வேலை. கடையில் எல்லோருக்கும் ‘ரேக்கு மாமா’. கனமானது கீழே, கண்ணாடிப் புட்டி நடுவே. சோப்புக்குப் பக்கத்தில் யாராவது பிஸ்கட்டை வைத்துவிட்டால் போச்சு: “வாசனை ஏறினா உங்கப்பனா திம்பான்?”

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்து விழுந்து எழுந்த பிறகு, மருத்துவமனையில் ஒரு சோதனை வைத்தார்கள். கடையில் கிடைக்கும் பொருள்களை ஒரு நிமிடத்தில் முடிந்தவரை சொல்ல வேண்டும். யாருமே சொற்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. கொத்துக் கொத்தாகத்தான் எடுக்கிறோம். சமைக்கிறவர் அடுப்படியிலிருந்து தொடங்குவார். நான் எங்கிருந்து தொடங்குவேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கொத்து தீர்ந்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டும். மாமா தாவவே இல்லை. நிமிடம் முழுக்க சோப்பு வரிசையிலேயே நின்றுவிட்டார். அடுத்த சோதனையிலும் அங்கேயே நின்றால் அலமாரி வேலை வேறு ஆளுக்கு என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வாசலில் கூடை எடுத்துக் கொடுக்கிற வேலை.

“வாசல்ல நிக்க நான் என்ன பொம்மையா?”

இரண்டாம் சோதனையன்று மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சோதிக்கும் இளம்பெண் “ஆரம்பிங்க சார்” என்றதும் மாமா மனசுக்குள் கடைக்குள் நுழைந்தார். அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய். பால், தயிர், வெண்ணெய். துடைப்பம், வாளி, சோப்பு...

நின்றார். விரல்கள் மேசைமேல் எதையோ நேராக்கின. அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“கோணலாவே இருந்து தொலை” என்று முனகிவிட்டு நகர்ந்தார். பேனா, பென்சில், பல்பு, பேட்டரி, தீப்பெட்டி என்று கொட்டினார்.

“போன தடவையைவிட ரெண்டு மடங்கு சார்! இந்த அளவுக்குச் சொன்னா பழைய வேலைக்கே போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்கார். ஆனா சர்க்கரையை விட்டுட்டீங்களே?”

“அது சரக்கு வரலைம்மா. நேத்து கடைக்கு போன் பண்ணிக் கேட்டேன். இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது?”

அவள் சிரித்துவிட்டாள்.

வெளியே மனைவி பதறி எழுந்தாள். “என்னங்க சொன்னாங்க?”

மாமா நேராக அவளிடம் போனார். விழுந்த நாளிலிருந்து அவரைத் தொடவிடாமல் அவளே சுமந்துவந்த கனத்த பையை அவள் தோளிலிருந்து கழற்றி, தன் தோளில் மாட்டிக்கொண்டார்.